நம்மைவிடச் சின்னவர்களுக்கு

(நூலக வார விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1936ஆம் ஆண்டு அக்டோபரில், லண்டன் பதிப்பாளர் ஒருவரின் பத்து வயது மகன் ஒரு புத்தகத்துக்கு மதிப்புரை எழுதினான். பையன் பெயர் ரேய்னர் அன்வின். அப்பா ஸ்டான்லி அன்வின், ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகத்தின் தலைவர். பிள்ளைகளுக்கான புத்தகம் தேறுமா தேறாதா என்று பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கட்சி. வந்து சேரும் தட்டச்சுப் பிரதியை மகனிடம் கொடுப்பார். படித்துவிட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் ஒரு ஷில்லிங் கூலி. அந்த அக்டோபரில் கொடுத்தது ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்'. பையன் கதையைச் சுருக்கிச் சொன்னான். வரைபடங்கள் இருப்பதால் படங்கள் வேண்டியதில்லை என்றான். ஐந்து முதல் ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று முடித்தான். புத்தகம் 1937 செப்டம்பரில் வெளிவந்தது, டோல்கீனே வரைந்த படங்களோடு. மதிப்புரையாளர் சொல்வதையெல்லாம் பதிப்பாளர்கள் கேட்பதில்லை என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்தான்.

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். எழுதியவனுக்கு வயது பத்து. புத்தகத்தை அவன் ரசித்துப் படித்திருக்கிறான். ஆனால் யாருக்கு என்ற கேள்வி வந்ததும் ஒன்பதோடு நிறுத்திவிட்டான். தான் அந்தக் கணக்கில் இல்லை! பத்து வயதுக்காரனுக்கு ஒன்பது வயதுக்காரன் சின்னப் பயல்தான், அதில் தப்பில்லை. அதே ரேய்னர் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1952இல், அதே பதிப்பகத்தில் அமர்ந்து டோல்கீனின் அடுத்த பெரிய நூலை எடுத்துக்கொள்ளலாமா என்று அப்பாவுக்கு எழுதினார். ஆயிரம் பவுண்டுவரை நஷ்டம் வரலாம் என்றும் சொன்னார். இது மேதையின் படைப்பு என்று நீ நம்பினால் ஆயிரம் பவுண்டை இழந்துகொள் என்ற பொருளில் பதில் வந்தது. அப்படி வந்ததுதான் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. பத்து வயதில் தனக்கில்லை என்று ஒதுக்கிய உலகத்துக்கு இருபத்தாறு வயதில் பணம் கட்டத் துணிந்தார்.

சிறார், இளையோர் மாயப்புனைவுகளுக்கு மதிப்புரை எழுதுகிற பெரியவர்களுக்கு அந்தப் பத்து வயதுப் பழக்கம் விடுவதில்லை. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் அதை நமக்குக் கீழே இருக்கும் யாரோ ஒருவருக்குத் தள்ளிவிடுகிறோம். தள்ளிவிட்ட பிறகு அந்த யாரோவுக்காகப் பயப்படுகிறோம், அல்லது அந்த யாரோ இதிலே என்ன கண்டான் என்று ஏளனம் செய்கிறோம். புத்தகத்தைப் படிக்கிற வேலை மட்டும் நடப்பதில்லை.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. இந்த வகையில் மட்டும் வாங்குகிறவர் ஒருவர், வாசிக்கிறவர் வேறொருவர். மதிப்புரையைப் படிப்பது நூலகர், ஆசிரியர், பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று தேடுகிற சித்தி. பதினோரு வயதுப் பெண் மதிப்புரை படித்துவிட்டுப் புத்தகம் எடுப்பதில்லை. பக்கத்து பெஞ்சுத் தோழி சொன்னதால் எடுக்கிறாள். ஆக, அறையில் இல்லாத ஒருவரைப் பற்றி இரண்டு பெரியவர்கள் பேசிக்கொள்வதுதான் சிறார் நூல் மதிப்புரை.

அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் சாரா டிரிம்மர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். 1802 முதல் 1806 வரை 'தி கார்டியன் ஆஃப் எஜுகேஷன்' என்ற இதழை நடத்தினார். குழந்தை நூல்களுக்கு முறையாக, தொடர்ந்து மதிப்புரை எழுதிய முதல் இதழ் என்று அதைச் சொல்வது வழக்கம். அதில் தேவதைக் கதைகள் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. சிண்டரெல்லா கதை பொறாமையையும் பகட்டு மோகத்தையும் சித்தி மீது வெறுப்பையும் கற்றுக்கொடுக்கிறது என்பது குற்றச்சாட்டு. சிரிப்பு வரலாம். ஆனால் நம் பள்ளிக்கூடங்களில் எந்தப் புத்தகம் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள், டிரிம்மர் அம்மையார் இன்னும் ஓய்வுபெறவில்லை என்பது தெரியும். பேய் வருகிறதா, பில்லிசூனியம் வருகிறதா, பெற்றோரை எதிர்த்துப் பேசுகிறார்களா? கேள்விகளின் பட்டியல் மாறியிருக்கிறது. கேட்கிற தோரணை மாறவில்லை.

டிரிம்மரைவிட எனக்குச் சுவாரசியமானவர் ஆன் கரோல் மூர். நியூயார்க் பொது நூலகத்தின் சிறார் பிரிவை 1906 முதல் 1941 வரை ஆண்டவர். ஆண்டவர் என்பதைத் தெரிந்தேதான் சொல்கிறேன். அவர் வேண்டாம் என்றால் அந்தப் புத்தகம் அமெரிக்காவின் பாதி நூலகங்களுக்குள் நுழையத் திணறும். இ. பி. வைட் 'ஸ்டூவர்ட் லிட்டில்' எழுதியபோது மூர் ஓய்வுபெற்றுவிட்டார். இருந்தும் அதை வெளியிடாமல் தடுக்க முயன்றார், வைட்டின் மனைவிக்கு நீண்ட கடிதம் எழுதினார். கதையில், நியூயார்க்கில் ஒரு மனிதக் குடும்பத்தில் எலி போன்ற ஒரு பிள்ளை பிறக்கிறது. வீட்டில் யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. நிஜமும் மாயமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன, குழந்தைகளால் பிரித்தறிய முடியாது என்பது மூரின் வாதம். புத்தகம் 1945இல் வந்தது, பிள்ளைகள் எந்தக் குழப்பமும் இல்லாமல் படித்தார்கள்.

மூரை வில்லியாக்கிப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. நான் அந்தக் கட்சியில் இல்லை. அவருடைய தீர்ப்பு தவறு, கேள்வி சரி. ஒரு மாயப்புனைவில் மாயம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, அதன் விதிகள் என்ன என்று கேட்பது மதிப்புரையாளரின் முதல் வேலை. வைட்டின் விதி மிக எளிமையானது: அன்றாடத்தின் நடுவே அதிசயம். அந்த அதிசயத்தை ஒருவரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த விதியை அவர் மீறவே இல்லை. மூர் அதைக் கண்டுகொள்ளாததற்குக் காரணம், குழந்தை குழம்பிவிடும் என்ற பயம் கண்ணை மறைத்ததுதான்.

இப்போது ஏளனத்தின் பக்கம் வருவோம். 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் பெரிய விமர்சகர் எட்மண்ட் வில்சன் 'தி நேஷன்' இதழில் டோல்கீனின் மோதிரக் கதையைக் கிழித்துத் தொங்கவிட்டார். குழந்தைக் கதை ஒன்று கைமீறி வளர்ந்துவிட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தக் கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு தகவல் சொல்கிறார். ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட அந்த நூலை முழுவதுமாகத் தம் ஏழு வயது மகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார். அவள் ஏற்கெனவே 'ஹாபிட்'டை எத்தனையோ முறை முடித்து முடித்துத் திரும்பத் தொடங்கியவள். இந்த நீண்ட நூலும் அவளைப் பிடித்து வைத்திருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஒரு விமர்சகருக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பக்கத்தில் ஒரு வாசகி இருக்கிறாள். ஆயிரம் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். எந்த இடத்தில் மூச்சை அடக்கினாள், எந்த இடத்தில் தூங்கிப்போனாள், எதைத் திரும்பப் படிக்கச் சொன்னாள்? இதில் ஒன்றையும் வில்சன் சொல்லவில்லை. அவளுக்குப் பிடித்தது என்பதையே நூல் பெரியவர்களுக்கு உரியதல்ல என்பதற்கு ஆதாரமாக ஆக்கிவிட்டார். அதே ஆண்டில் கவிஞர் ஆடன், 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் அதே நூலைத் தேடல் காவியங்களின் வரிசையில் வைத்து நிதானமாக எடைபோட்டார். ஆடன் சொன்னது எல்லாம் எனக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நூலைத் தமக்காகப் படித்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்மூர் நினைவு வரும்படி இன்னொரு சங்கதி. 1937இல் 'டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்ட்' இதழில் 'ஹாபிட்'டுக்கு அருமையான மதிப்புரை ஒன்று வந்தது. பெயர் போடாத மதிப்புரை. அந்த இதழில் 1974 வரை அதுதான் வழக்கம். எழுதியவர் சி. எஸ். லூயிஸ், டோல்கீனின் நெருங்கிய நண்பர், கைப்பிரதியிலேயே கதையைப் படித்தவர். அணிந்துரை எழுதியவரே வெளியீட்டு விழாவில் பேசி, பிறகு பத்திரிகையில் மதிப்புரையும் எழுதுகிற நாட்டில் இருந்துகொண்டு லூயிஸைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தவிர, அவர் எழுதியது சரியாகவும் இருந்துவிட்டது.

சரி, எப்படித்தான் படிப்பது? நான் எல்லா மாயப்புனைவிடமும் கேட்கும் முதல் கேள்வி: இந்த உலகத்தில் மந்திரத்துக்கு என்ன விலை? 'அம்புலிமாமா' படித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் விக்கிரமனின் தலை வெடிக்கும். வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கைமரத்துக்குப் பறந்துவிடும். இரண்டு பக்கமும் விலை இருப்பதால்தான் அந்தக் கதை மாதாமாதம் ஓடியது. விலை இல்லாத மந்திரம் வெறும் வாணவேடிக்கை. நாயகன் கையை நீட்டினால் நெருப்பு வரும், அடுத்த அத்தியாயத்தில் இன்னும் பெரிய நெருப்பு வரும். இருநூறு பக்கத்தில் சலித்துவிடும். பிள்ளைகளுக்கு நம்மைவிடச் சீக்கிரம் சலித்துவிடும்.

விலையைச் சரியாகப் போட்ட நூல் என்று நான் முதலில் எடுப்பது அர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ'. கலிஃபோர்னியாவின் பர்க்லி நகரில் இருந்த பர்னாசஸ் என்ற சிறு பதிப்பகம் இளையோருக்காக ஒரு நூல் கேட்க, அவர் எழுதிக் கொடுத்தது 1968இல் வெளிவந்தது. தீவுகளாலான ஓர் உலகம். அதில் கான்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன், பின்னாளில் கெட் என்ற உண்மைப் பெயரைப் பெறுகிறவன். அத்தை உச்சரித்த ஒரு மந்திரச் சொல்லைக் காதில் வாங்கி ஆடுகளை அழைக்கிறான். ஆடுகள் வருகின்றன. வந்தவை போகவில்லை. அவனை நெருக்கிக்கொண்டு, கொம்பு கொம்போடு இடிக்க, ஊருக்குள்ளே அவனோடு கும்பலாக வருகின்றன. பையன் அலறுகிறான். முதல் சில பக்கங்களிலேயே விதி சொல்லப்பட்டுவிட்டது: கூப்பிடத் தெரிந்தால் போதாது, விடத் தெரிய வேண்டும்.

அடுத்து, கடல் தாண்டி வரும் கார்க் படையிடமிருந்து ஊரைக் காப்பாற்ற மூடுபனியை வரவழைக்கிறான். ஊர் பிழைக்கிறது. பையனோ பேச்சின்றி, உணவின்றி, கண் திறந்தபடி மரமாகிவிடுகிறான். சக்திக்கு மீறிச் செலவழித்துவிட்டான். ஓஜியன் என்ற மந்திரவாதி வந்து மீட்க வேண்டியிருக்கிறது. பிறகு ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்கூடத்தில், சக மாணவனிடம் வீம்பு காட்டுவதற்காக இறந்தவள் ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். அந்தப் பிளவு வழியே ஒரு நிழல் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. பிளவை அடைத்த முதுபெரும் தலைவர் அதற்குத் தம் உயிரைக் கொடுக்கிறார். ஆடுகளில் தொடங்கிய கணக்கு ஒரு மனிதரின் சாவுவரை வந்துவிட்டது. ஒவ்வொரு படியிலும் விலை கூடுகிறது, ஒரு படியும் தாவப்படவில்லை. இதைச் சுட்டிக்காட்டுவதுதான் மதிப்புரை. 'நட்பின் பெருமையை உணர்த்தும் நல்ல நூல்' என்பது மதிப்புரை அல்ல, நற்சான்றிதழ்.

நட்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதையும் விதிக்குள்ளேதான் வைக்கிறார். அந்த உலகில் ஒருவருடைய உண்மைப் பெயர் தெரிந்தால் அவர்மேல் அதிகாரம் வந்துவிடும். ஆகவே ஒருவரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடமே கெட்டை ஒதுக்கி வைத்திருக்கும் நேரத்தில் வெட்ச் என்ற தோழன் தன் உண்மைப் பெயரை அவனிடம் சொல்கிறான். அணைத்துக்கொள்வதில்லை, அழுவதில்லை, பெயரைச் சொல்கிறான். விதிகளைக் கவனிக்காமல் படித்தவருக்கு அந்த இடம் சாதாரண அறிமுகமாகத் தோன்றிவிடும்.

இன்னொன்றும் அந்த நூலில் இருக்கிறது. கெட்டின் தோல் செம்பு கலந்த பழுப்பு. வெட்ச் கறுப்பன். படையெடுத்து வரும் கார்க் மக்கள்தான் வெள்ளையர். இதை லெ குவின் பறைசாற்றவில்லை. வாசகன் கெட்டோடு ஒன்றிய பிறகு மெல்லத் தெரியும்படி வைத்தார், அதைப் பின்னாளில் அவரே விளக்கியும் இருக்கிறார். ஆனால் அட்டைப்படங்களில் கெட் பல பதிப்புகளுக்கு வெளுத்தே இருந்தான். 2004இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது வெள்ளை நடிகர் நடித்தார். லெ குவின் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். நமக்கு இதிலிருந்து ஒரு எளிய வேலைக்குறிப்பு கிடைக்கிறது: அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள், பின்னட்டையைப் பார்த்து எழுதவே எழுதாதீர்கள்.

ஹாரி பாட்டரைப் பற்றிச் சொல்லாமல் போனால் இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1997 ஜூனில் முதல் பாகத்தின் முதல் கெட்டி அட்டைப் பதிப்பு 500 பிரதிகள்தான். அங்கேயும் ஒரு பிள்ளை மதிப்புரையாளர் உண்டு. ப்ளூம்ஸ்பரி பதிப்பகத் தலைவரின் எட்டு வயது மகள் ஆலிஸ் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மீதியைக் கேட்டு நச்சரித்தாள். பிறகு புகழ் வந்தது. புகழோடு, 'மந்திரப் பள்ளிக்கூடம்! என்ன ஒரு புதுமை!' என்று எழுதியவர்களும் வந்தார்கள். ரோக் பள்ளிக்கூடம் வந்தது 1968இல். ஜில் மர்ஃபியின் 'தி வொர்ஸ்ட் விட்ச்' 1974இல். டயானா வின் ஜோன்ஸின் 'சார்ம்ட் லைஃப்' 1977இல். பாட்டர் கதைகளை எழுதிய ரௌலிங் இவற்றிலிருந்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை, அது அசட்டுப் பேச்சு. புதுமை என்று எழுதியவர்கள் அந்த அலமாரிப் பக்கமே போனதில்லை என்றுதான் சொல்கிறேன். துப்பறியும் நாவலுக்கு மதிப்புரை எழுத வருகிறவர் நாலு துப்பறியும் நாவலாவது படித்திருப்பார். மாயப்புனைவுக்கு மட்டும் அந்தத் தகுதி தேவையில்லை என்று நினைக்கிறோம்.

டயானா வின் ஜோன்ஸைப் பெயர் சொல்லிவிட்டதால் ஒரு நிமிடம். 1996இல் அவர் 'தி டஃப் கைட் டு ஃபேண்டஸிலேண்ட்' என்று ஒரு கேலி அகராதி எழுதினார், சுற்றுலாக் கையேடு வடிவில். மாயப்புனைவு நாடுகளில் எல்லோரும் எப்போதும் ஸ்டூ என்னும் கறிக்குழம்பையே சாப்பிடுகிறார்கள் என்பது அதில் ஒரு கவனிப்பு. எதிரி துரத்திக்கொண்டு வருகிறான், இவர்கள் மணிக்கணக்கில் கொதிக்க வேண்டிய குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! மதிப்புரையாளர் கையில் எப்போதும் இருக்க வேண்டிய புத்தகம் அது. அதைப் படித்த பிறகு மூன்றாம் அத்தியாயத்தில் குழம்புச் சட்டியைக் கண்டால் தானாகவே எச்சரிக்கை மணி அடிக்கும்.

பாட்டர் கதைகளின் பலம் மந்திரத்தின் விலையில் இல்லை, முடிச்சுப் போடுவதில் இருக்கிறது. முதல் பாகத்தில் ஹாரியின் தோழன் ரானின் சட்டைப்பையில் தூங்கும் கிழட்டு எலி, 1999இல் வந்த மூன்றாம் பாகத்தில் யார் என்று தெரியும்போது, இரண்டு பாகங்களாக நம் கண்ணெதிரே இருந்ததைக் கவனிக்காமல் விட்டோமே என்று உறைக்கிறது. அது துப்பறியும் கதையின் கலை. விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம் 2000இலும், நாவலாசிரியர் ஏ. எஸ். பையாட் 2003இலும் அந்த நூல்களைத் தாக்கி எழுதினார்கள். பையாட்டுக்குப் பெரியவர்கள் இதைப் படிப்பதே பெரிய வருத்தம். இருவரும் பெரிய படிப்பாளிகள். ஆனால் எலியைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று பார்த்தேன், பேசவில்லை.

தொடர் நூல்களுக்கு உள்ள சிக்கலும் இதுதான். முதல் பாகத்துக்கு எழுதும்போது எலி வெறும் எலி. ஆகவே தொடரின் ஒரு பாகத்துக்கு எழுதுகிறவர் இறுதித் தீர்ப்பு வழங்காமல், எதெல்லாம் பாக்கி இருக்கிறது என்று குறித்து வைத்தால் போதும். கடைசிப் பாகங்கள் வந்தபோது நேர்ந்தது வேறு கூத்து. முன்பிரதி கிடையாது, நள்ளிரவில் விற்பனை, விடிவதற்குள் பல நூறு பக்கங்களைப் படித்துப் பத்திரிகைக்கு எழுத வேண்டும். 2007இல் ஏழாம் பாகம் ஜூலை 21 அன்று வெளிவருவதாக இருக்க, 'நியூயார்க் டைம்ஸ்' இரண்டு நாள் முன்பே மதிப்புரை வெளியிட்டுவிட்டது. ரௌலிங் கொதித்தார். கதையின் முடிவு அதில் உடைக்கப்படவில்லை என்றாலும், பிள்ளைகளுக்கு உரிய ஓர் இரவைப் பெரியவர்கள் முந்திக்கொண்டது போல எனக்கும் பட்டது.

வயது விஷயம் இன்னும் பாக்கி. 2008இல் பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் சிறார் நூல்களின் அட்டையில் வயதை அச்சிடலாம் என்று கிளம்பினார்கள். எழுத்தாளர் ஃபிலிப் புல்மன் முன்னின்று எதிர்த்தார், மற்ற எழுத்தாளர்கள் பலர் சேர்ந்துகொண்டார்கள். ஏழு வயதுக்கு என்று அச்சிட்ட புத்தகத்தைப் பத்து வயதில் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளை வகுப்பில் எப்படி வெளியே எடுக்கும்? மதிப்புரையிலும் வயது போடாதீர்கள் என்று இளம் மதிப்புரையாளர்களிடம் சொல்வேன். வேறு தகவல்களைக் கொடுங்கள். எவ்வளவு நீளம், வாக்கியங்கள் எப்படி, யாராவது சாகிறார்களா, சாவு எப்படிச் சொல்லப்படுகிறது, எந்த இடத்தில் பயம் வரும். நூலகரும் சித்தியும் தங்கள் பிள்ளையை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். மீதியை அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

இந்த ஆலோசனையையும் ஆட்டம் காண வைக்கிற ஒரு நூல் உண்டு. எர்த்ஸீயின் முதல் மூன்று நூல்கள் 1968 முதல் 1972க்குள் வந்தன. அவற்றில் மந்திரம் படித்தவர்கள் எல்லாம் ஆண்கள். பெண்களின் மந்திரம் மட்டமானது என்று அந்த உலகத்தில் பழமொழியே இருக்கிறது. 1990இல் லெ குவின் நான்காவதாக 'தெஹானு' எழுதினார். தம் உலகத்தையே மறுபடி ஒரு விமர்சகராகத் திறந்து பார்த்தார். கெட் மந்திர சக்தியெல்லாம் இழந்து வருகிறான். இரண்டாம் நூலின் நாயகியான டெனார் நடுவயது விதவை. அவள் வளர்ப்பது, பெரியவர்கள் நெருப்பில் தள்ளிய ஒரு சிறுமியை. யார் பாத்திரம் கழுவுவது என்பதும் அந்தக் கதையில் ஒரு கேள்வி. பழைய வாசகர்கள் பலருக்குக் கோபம் வந்தது. அதே நூல் அந்த ஆண்டின் சிறந்த நாவலுக்கான நெபியுலா விருதைப் பெற்றது. அது பெரியவர்களின் விருது.

இப்போது முதல் மூன்று நூல்களையும் முடித்த பதினோரு வயதுப் பெண் வந்து நான்காவது எங்கே என்று கேட்கிறாள். எந்த அலமாரியில் வைத்திருக்கிறீர்கள்? நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அந்தச் சிறுமிக்கு என்ன நேர்ந்தது என்பதை முன்கூட்டியே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவேன், அது அவளுக்கு எதிர்பாராமல் வரக் கூடாது. படித்துவிட்டு வந்து, கெட் ஏன் இப்படி ஆனான் என்று அவள் சண்டை பிடித்தால், அந்தச் சண்டையைத்தான் அடுத்த மதிப்புரையில் எழுதுவேன், அவள் சம்மதித்தால்.